நான்கு செங்கல் நடைமுறை

குழந்தை வளர்ப்பைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை இல்லாதவர்கள். அல்லது குழந்தைகள் வளர்ந்து கண்காணாத ஊருக்குப் போய்விட்டவர்கள். இரண்டு வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டே உறுதியாகப் பேசுகிறவன் எங்கேயாவது ஒருவன் இருப்பான். அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாதுங்காவில், அந்த ஒருவன் நான்.

கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய அலுவலகத்தில் விதிமுறைப் பிரிவில் எனக்கு வேலை. எந்தக் காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் பிரிவு. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது எங்கள் கவலை இல்லை. முப்பது வயதுக்குள் அந்தப் பிரிவில் எனக்குத் தெரியாத விதி கிடையாது என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சாயங்கால ரயிலில் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையலறை, மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு சின்னத் தொட்டி. கழிப்பறை நடைபாதையின் கடைசியில், மாடி முழுவதற்கும் பொது. காலையில் வாளியோடு வரிசையில் நிற்கவேண்டும். பெரியவர்கள் நிற்பார்கள். இரண்டு வயது ரகு எப்படி நிற்பான்? என் மனைவி சரஸுவுக்கு ஒரு முறை இருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்ப்பாள். திடீரென்று அவனைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடுவாள். பெரும்பாலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"இதில் முறை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். "நீ இல்லாதபோது யார் முகத்தைப் பார்ப்பது?"

"நீங்க பாருங்கோளேன். உங்க புள்ளைதானே."

முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது எங்கள் பிரிவில் வழக்கமில்லை. நான் ஒரு நடைமுறை வகுத்தேன். தரையில் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையை விரிப்பது (மற்ற நாள் பத்திரிகை மெலிசு). மின்விசிறிக் காற்றில் அது பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு செங்கல் துண்டு. கட்டிடம் பழுதுபார்த்தபோது கிடைத்தவை. தரை கீறாமலிருக்க சரஸுவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தேன். பிறகு நான், "உக்காரு" என்று சொல்வேன். ரகு கால்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உட்காருவான். முடிந்ததும், "ஆச்சு" என்பான். நான் கை தட்டுவேன். காகிதம், செங்கல், உத்தரவு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காரியம் நடக்கக்கூடாது.

ஒரு மாதத்துக்குள் குழந்தை பழகிவிட்டான். அலுவலகத்தில் பல வருஷம் சர்வீஸ் உள்ளவர்களிடம் கூட நான் அப்படி ஓர் ஒழுங்கைப் பார்த்ததில்லை. காகிதத்தை விரித்து மூன்று செங்கல் மட்டும் வைத்தால், நான்காவது மூலையைக் காட்டிவிட்டு நிற்பான்.

"எல்லாம் சரி," என்றாள் சரஸு. "வெளில போனா என்ன பண்ணுவேள்?"

"எடுத்துக்கொண்டு போவோம்."

"செங்கல்லையா?"

"செங்கல்லைத்தான்."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. அவள் வேறொன்றும் சொல்லாதபோது நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். அவருடைய மகனுக்குக் கல்யாணம், அறை வேண்டும். பம்பாயில் அப்போது வேலை கிடைக்கும், பெண் கிடைக்கும், வீடு கிடைக்காது. எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை செம்பூர். மாதுங்காக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் ஆரம்பித்து, செம்பூரில் மனை வாங்கி, மூன்று மாடிக் கட்டிடம் கட்டப்போகிறார்கள். உறுப்பினர்களில் ஒருவர் டில்லிக்கு மாற்றலாகி விலகிக்கொண்டார். அவருடைய வீடு மூன்றாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, காற்று எட்டிப் பார்க்காத மூலை. அதற்குக் காத்திருந்தவர்களில் முதலாவதாக என் பெயர் இருந்தது. ஆனால் பெயர் முதலாவதாக இருந்தால் போதாது. புதிதாகச் சேருகிறவர் பூமி பூஜைக்குக் குடும்பத்தோடு வரவேண்டும். பூஜை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு சொல்லும் என்று செய்தி வந்தது. பெண் பார்க்க வருவது மாதிரிதான். இந்த முறை பெண் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். சரஸு பட்டுப்புடவை. ரகு புதுக் கால்சட்டை. நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு கித்தான் பையோடு. பைக்குள் ஒரு பத்திரிகையும் நான்கு செங்கல்லும்.

குர்லாவில் இறங்கி வண்டி மாறவேண்டும். பாலத்துப் படிகளில் ஏறும்போது பையின் கைப்பிடி ஒவ்வொரு நூலாகப் பிரிவது எனக்குக் கேட்டது. செம்பூர் வண்டியில் ஏறியதும் பையைக் கீழே வைத்தேன். வைத்த இடத்தில் ஒருவருடைய கால் இருந்தது.

"அரே பாய், இதுக்குள்ள என்ன வெச்சிருக்கே, இரும்பா?"

தமிழ்க்காரர்தான். "செங்கல்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சரஸுவைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையில் நிறைய அனுதாபம் இருந்தது.

எதிர்ப் பலகையில் நான்கு பேர் முழங்கால்மேல் பத்திரிகையை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ரகு சரஸுவின் மடியிலிருந்து இறங்கி அவர்களிடம் போனான். பத்திரிகையைத் தொட்டுப் பார்த்தான். மூலைகளைப் பார்த்தான். குனிந்து அடியிலும் தேடினான். என் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனால் செங்கல் இல்லை; உத்தரவும் இல்லை. திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டான்.

"பார்த்தாயா?" என்றேன். "மூன்றும் சேராமல் அவன் அசையமாட்டான்."

"பாத்தேன்" என்றாள் சரஸு. "அந்த நாலு பேர்ல ஒருத்தர் கூட அவனை உக்காருன்னு சொல்லலை. அதையும் பாத்தேன்."

செம்பூரில் அப்போது எங்கே பார்த்தாலும் வெட்டவெளி. கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று தடுப்பார் இல்லாமல் வீசும். மனையில் ஒரு பந்தல், ஹோமகுண்டம், ஜமக்காளம், மாதுங்காவிலிருந்து வந்திருந்த குடும்பங்கள். ஒரு பக்கம் மணல் குவியல். அதன் பக்கத்தில் லாரியில் வந்து இறங்கிய செங்கல் அடுக்கு. கட்டிடக் காண்ட்ராக்டர் மைதீன் பாய் அங்கே நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு. நான் பையைச் சுமந்து வருவதைப் பார்த்துக் கைகொடுக்க வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன ஐயரே, செங்கலா? லாரி நெறைய எறக்கி வச்சிருக்கேன். நீங்க வீட்டுல இருந்து நாலு துண்டு தூக்கிட்டு வாரீய. எம்மேல அம்புட்டு நம்பிக்கையா?"

நான் பதில் சொல்வதற்குள் சங்கத் தலைவரின் மனைவி வந்துவிட்டார். எல்லாருக்கும் அவர் தலைவர் மாமி. மடி ஆசாரத்தில் மாதுங்காவுக்கே அளவுகோல். பின்னால் தலைவர். அதுவரை என் வணக்கத்துக்கு அவர் ஒருதரமும் பதில் வணக்கம் சொன்னதில்லை.

மாமி பைக்குள் பார்த்தார். சிவப்புத் துணி சுற்றிய நான்கு செங்கல்.

"ஆத்துலேர்ந்து செங்கல் கொண்டுவந்திருக்கேளா? பூஜைக்கா?"

உண்மை ஒரே ஒரு வாக்கியம்தான். 'இல்லை மாமி, இது குழந்தை உட்காருவதற்கு' என்றால் முடிந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் மாமி தலைவர் பக்கம் திரும்பி, "பாத்தேளா? இத்தனை பேர் வந்திருக்கா, ஒருத்தருக்காவது தோணித்தா? துணியெல்லாம் சுத்தி, எவ்வளவு சிரத்தை" என்றார். தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பில் எனக்கு ஒரு வீடு தெரிந்தது. காற்று வராத வீடுதான். ஆனாலும் வீடு.

"ஏதோ எங்களால் ஆனது, மாமி" என்றேன்.

சரஸு என் முழங்கைக்குமேல் கிள்ளினாள். (அந்தத் தழும்பு மறைந்துவிட்டது. கிள்ளிய இடம் எனக்குத் தெரியும்.)

செங்கல்கள் தாம்பாளத்துக்குப் போயின. சாஸ்திரிகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலா? அஞ்சுன்னா வேணும்" என்றார். மைதீன் பாய் தன் அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். மாமி தன் கையாலேயே ஐந்துக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். மந்திரம் ஆரம்பமாகியது.

"ஏன்னா," என்று சரஸு என் காதோரம் மெல்லச் சொன்னாள், "அந்தச் செங்கல் எங்கெல்லாம் இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அலம்பித்தானே வைத்திருக்கிறோம்."

"அலம்பினது நான். அதனாலதான் சொல்றேன்."

பையில் மிச்சமிருந்த பத்திரிகையையும் யாரோ எடுத்துக் கிழித்துப் பொங்கல் பிரசாதம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு துண்டில் கிடைத்தது. நெய் வழிந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரகு என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா. பேப்பர்."

என் கையில் இருந்த துண்டைக் காட்டினான். அது அவன் உள்ளங்கை அளவு.

"கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணா."

"பேப்பர்" என்றான் மறுபடியும். இந்த முறை கால்களைப் பின்னிக்கொண்டு.

சரஸு அவனைத் தூக்கிக்கொண்டு மணல் குவியலுக்குப் பின்னால் ஓடினாள். நானும் போனேன். ஆள் இல்லாத இடம், வசதியான பள்ளம், பம்பாய் முழுவதும் பெரியவர்களே அதைவிட மோசமான இடத்தில் சமாளிக்கிறார்கள். ரகு நின்றான். சரஸு கெஞ்சினாள். நான், "உக்காரு" என்றேன். அவன் தரையைப் பார்த்தான், நான்கு பக்கமும் பார்த்தான், என்னைப் பார்த்தான். இணைப்புகள் இல்லாமல் வந்த மனுவை என் மேலதிகாரி அப்படித்தான் பார்ப்பார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான்.

"இந்தச் சின்னக் குழந்தையை என்ன பண்ணி வெச்சிருக்கேள்" என்றாள் சரஸு. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கமிட்டி முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடலாம். அவன் தாங்குவான். பயிற்சி அப்படி."

பந்தலுக்குத் திரும்பினோம். பூஜை ஏறக்குறைய முடிந்திருந்தது. செங்கல்லைக் குழியில் இறக்குவதற்கு நல்ல நேரம் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்த இடைவேளையில் செயலாளர் ஒரு நீளக் குழாயிலிருந்து கட்டிட வரைபடத்தை உருவினார். மாநகராட்சி அங்கீகரித்து முத்திரை குத்திய மூலப் பிரதி. சங்கத்திடம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் காட்டி ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டை விளக்குவது, பிறகு என்னைப் பற்றி முடிவு சொல்வது என்று திட்டம். ஜமக்காளத்தில் விரித்தார், காற்று தூக்கியது. மறுபடி விரித்தார், மறுபடி தூக்கியது.

நான் அப்போது கமிட்டிக்காரர் ஒருவரிடம், முத்திரை உள்ள பக்கம் மேலே தெரியும்படி விரிப்பதுதான் முறை என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கவனமாகக் கேட்டார். நல்ல அபிப்பிராயம் உண்டாகிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அதனால் மாமியின் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது.

"தாம்பாளத்துல மங்களகரமா செங்கல் இருக்கே. அதையே நாலு மூலைக்கும் வையுங்கோளேன்."

வைத்தார்கள். மைதீன் பாயின் செங்கல் முழுசாக இருந்ததால் அதை விட்டுவிட்டுச் சின்னத் துண்டுகளாக, சிவப்புத் துணி சுற்றியதாகப் பார்த்து நான்கை எடுத்து வைத்தார்கள்.

தலைவர் வரைபடத்தின் ஓரமாக அமர்ந்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இதான் நம்மாம். முதல் மாடி, தென்மேற்கு மூலை. இது ஹால். கடல் காத்து நேரா உள்ள வரும்." இரண்டு வருஷமாக அவர் மாதுங்கா முழுவதும் சொல்லி வந்த காற்று அது. கூட்டம் முண்டியடித்தது. அவர் கையை உயர்த்தினார்.

"பின்னாடி இருக்கறவாளுக்குத் தெரியலை. உக்காருங்கோ. எல்லாரும் உக்காருங்கோ."

காகிதம் இருந்தது. செங்கல் இருந்தது. உத்தரவும் பிறந்துவிட்டது, அதுவும் அங்கிருந்தவர்களிலேயே பெரிய அதிகாரியிடமிருந்து.

நான் திரும்பிப் பார்த்தபோது ரகு சரஸுவின் கையை உருவிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். ஓடவில்லை. நீண்ட நாள் தாமதமான கோப்பு கடைசியில் உரிய மேஜைக்கு வந்து சேர்ந்தது போன்ற நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. கால்சட்டையைக் கழற்றினான். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கொடுத்தான். அவர் செயலாளர். வாங்கிக்கொண்டார், யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வது அந்தப் பதவியின் பழக்கம். ரகு ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, வரைபடத்தின்மேல் இரண்டடி வைத்து, உட்கார்ந்தான்.

தலைவர் விரலை எடுத்துக்கொண்டார். சரியான சமயத்தில் எடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

"ரகு" என்று நான் கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. ஆரம்பித்துவிட்ட நடவடிக்கையை நடுவில் நிறுத்துவதற்கு நான் விதி எதுவும் செய்து வைக்கவில்லை. ஹோமத்தில் ஒரு சமித்து வெடித்தது கேட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்தது என்பதால் அளவிலும் குறைவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கும் நான் பெருமையோடு சொல்வேன். அவன் கோட்டைத் தாண்டவில்லை. எல்லாம் தலைவர் வீட்டு ஹாலின் நான்கு சுவருக்குள்ளேயே அடங்கியது.

எழுந்தான். சபையைப் பார்த்து, உரக்க, "ஆச்சு" என்றான்.

பிறகு என்னைப் பார்த்தான். கை தட்டலுக்காகக் காத்திருந்தான். என் கைகள் எங்கே இருந்தன என்றே எனக்குத் தெரியவில்லை. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அப்போது பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். மைதீன் பாய். சிரிப்பு தாங்காமல் தட்டினாரோ, என்னவோ. ரகுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நல்ல வெவரமான புள்ளதான்" என்றார் மைதீன் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கக்கூஸு பக்கத்துலயே வரைஞ்சிருக்கு, ஒன்றரை இஞ்சு தள்ளி. அதக் காட்டிக் குடுக்கத்தான் ஆளு இல்ல."

"யார் குழந்தை இது?" என்றார் தலைவர். எல்லாருக்கும் தெரிந்த பதிலைக் கேட்பது ஓர் அதிகாரம்.

நான் கையை உயர்த்தினேன். கூட்டத்தில் பேச விரும்புகிறவர் கையை உயர்த்தவேண்டும்.

"குழந்தைதானே, தெரியாம பண்ணிட்டான்" என்று மாமி ஆரம்பித்தார். அந்த மட்டில் விட்டிருந்தால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் சரஸுவுக்குப் பொறுக்கவில்லை.

"தெரிஞ்சுதான் பண்ணினான், மாமி. அவன்மேல தப்பில்லை. அந்தச் செங்கல் பூஜைக்குக் கொண்டுவந்தது இல்லை. பேப்பரை விரிச்சு, மூலைக்கு ஒண்ணா இதை வெச்சு, உக்காருன்னு சொன்னா உக்காரணும்னு இவர்தான் பழக்கியிருக்கார். இது எங்காத்துல அதுக்கு வெச்சிருக்கற செங்கல்."

மாமி செங்கல்லைப் பார்த்தார். தன் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். புடவையோடு தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்ட சத்தம் பந்தல்வரை கேட்டது.

சாஸ்திரிகள் மட்டும் நிதானமாக இருந்தார். "செங்கல் அக்னியில வெந்தது. அதுக்கு தோஷமே கிடையாது. சீக்கிரம் எறக்குங்கோ, எனக்கு சயான்ல ஒரு சீமந்தம் இருக்கு" என்றார். இறக்கினார்கள். என்னுடைய நடைமுறையின் முக்கிய அங்கங்கள் நான்கும் அப்படித்தான் அந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

வரைபடம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சரஸு துடைக்கத் துடைக்க நீலக் கோடுகளும் கூடவே வந்தன. ஹால் முழுசாகப் போய்விட்டது. சமையலறை பாதி. முத்திரையின் ஓரமும் கலங்கியிருந்தது. செயலாளர் ரகுவின் கால்சட்டையை இன்னும் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"உங்களுக்குத்தான் எல்லா விதியும் தெரியுமே. அங்கீகாரம் ஆன பிளான் கெட்டுப்போனா என்ன முறை?"

"நகல் கேட்டு மனு எழுதவேண்டும். மூலப் பிரதி எப்படிச் சேதமானது என்று காரணம் குறிப்பிடவேண்டும்."

"என்ன காரணம் எழுதறது?"

அவ்வளவு அவமானத்திலும் என் மூளை வேலை செய்தது. அதுதான் அந்த நாளின் மிகப் பெரிய அவமானம். "மழை என்று எழுதமுடியாது, இது மழைக்காலம் இல்லை" என்றேன். "விபத்து என்றால் போலீஸ் அறிக்கை கேட்பார்கள். 'பூமி பூஜையின்போது கறைபட்டது' என்று எழுதலாம். பூஜையில் என்ன கறை என்று ஒரு அதிகாரியும் கேட்கமாட்டார்."

செயலாளர் யோசித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டார். பிற்பாடு நகலும் கிடைத்தது. யாரும் கேட்கவில்லை.

அதற்குள் மாமி ஈரப்புடவையோடு திரும்பி வந்தார்.

"அந்த ஆத்துக்கு நான் வரமாட்டேன்."

"என்னடி இது, வெறும் பேப்பர்" என்றார் தலைவர்.

"ரெண்டு வருஷமா இந்தப் பேப்பரைக் காட்டித்தானே இது ஹால், இது பூஜை ரூம், இங்க காத்து வரும்னு சொல்லிண்டிருந்தேள். அப்ப வெறும் பேப்பரா இருந்துதா?"

தலைவர் ஹால் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"கிரகப்பிரவேசம் ஆயாச்சு" என்றார் மாமி. "அந்தக் குழந்தை பண்ணிட்டான். இனிமே அது என் ஆம் இல்லை."

கமிட்டி பந்தலின் ஒரு மூலைக்குப் போய்க் கூடியது. நாங்கள் மூவரும் மணல் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தோம். மாதுங்காவில் எத்தனை நாள் கெடு பாக்கி, ஊருக்குச் சரஸுவையும் குழந்தையையும் அனுப்பிவிட்டு நான் யார் வீட்டு நடைபாதையில் படுப்பது என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சரஸு அழவில்லை. மடியில் ரகு, உலகத்திலேயே கவலை இல்லாத ஒரே ஆள், தூங்கிவிட்டான்.

"என்னை வைது விடு" என்றேன்.

"வீடு உண்டா இல்லையான்னு தெரியட்டும். அப்புறம் நிதானமா வையறேன்" என்றாள்.

கமிட்டியில் நடந்ததைப் பின்னால் மைதீன் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தலைவர் வேறு வழியில்லாமல், விலகியவருடைய மூன்றாம் மாடி வீட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அதாவது எனக்கென்று வைத்திருந்த காற்று வராத மூலையை. அப்படியானால் முதல் மாடித் தென்மேற்கு மூலை காலி. யாருக்கு வேண்டும் என்று செயலாளர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்குத் திசை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு முதல் மாடியே ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர், காற்று அதிகம், அம்மாவுக்கு மூட்டுவலி என்றார். எல்லாருடைய மனைவிமாரும் அங்கே நின்று பார்த்திருந்தார்கள். காத்திருப்போரில் எனக்கு அடுத்திருந்த இருவரும் அங்கேயே இருந்தார்கள், கேட்பதற்குள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்கள்.

"இவருக்கா கொடுக்கறது?" என்று ஒருவர் கேட்டாராம்.

"வேற யாருக்குக் குடுப்பீய?" என்றாராம் மைதீன் பாய். "வெளியாளுக்குக் குடுத்தா விசயத்தச் சொல்லியில்லா குடுக்கணும். இவருக்குன்னா சொல்லவேண்டியதில்ல பாருங்க, தெரியும்."

அப்படித்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. கட்டிடத்திலேயே நல்ல வீடு. ஹாலில் கடல் காற்று தலைவர் சொன்னபடி நேராக உள்ளே வரும். மூன்றாம் மாடியில் தலைவர் கோடைக்காலம் முழுவதும் விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். படியில் இறங்கும்போது எங்கள் கதவைப் பார்க்கமாட்டார். சரஸு சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள்: குடிபோன அன்று சாயங்காலம், சாமான் இறக்கிவைத்த பிறகு, நிதானமாக வைதாள். நானும் அந்தக் காற்றில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். ரகு கழிப்பறைக்குப் போகப் பழகியது அவளிடம்தான். எப்படிப் பழக்கினாள் என்று கேட்டேன். "முகத்தைப் பாத்து" என்றாள்.

கதை அங்கே முடிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தோம். ரகு படித்து வேலைக்குப் போய், அவனுக்கு வரன் பார்க்கும் காலம் வந்தது. முலுண்டிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம். பெண்ணின் அப்பா எச்சரிக்கையான மனிதர். எங்களிடம் சொல்லாமல் ஒருநாள் வந்து, கட்டிடத்தில் மூத்தவர் யார் என்று விசாரித்து, மூன்றாம் மாடிக்கு ஏறியிருக்கிறார். தலைவர் அப்போது இல்லை, மாமிதான். பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார். மாமி பொய் சொல்கிறவர் இல்லை.

"ரெண்டு வயசுலேர்ந்து பாக்கறேன்" என்றாராம். "சொன்னதைத் தட்டமாட்டான். அவன் இருக்கற ஆம் எங்களுக்குன்னு வெச்சிருந்த ஆம்தான். அந்தக் குழந்தைக்காகத்தான் விட்டுக்கொடுத்தோம்."

பெண்ணின் அப்பா கீழே இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் வீட்டையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஒரு பிள்ளையா. பம்பாயில். அன்றைக்கே நிச்சயம் செய்யலாம் என்றார். நாங்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரஸு உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயம்.

மருமகளுக்கு விஷயம் தெரிந்தது கல்யாணத்துக்கு வந்திருந்த மைதீன் பாய் மூலம். பந்தியிலேயே சொல்லிவிட்டார். அவள் அங்கே சிரிக்கவில்லை. "எங்கப்பா அழுதுண்டே சம்மதிச்சார்" என்றாள் எங்களிடம். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டதாக ஒரு புகார் அன்று பதிவானது. இத்தனை வருஷமாகியும் அது பைசலாகவில்லை. பேரன்பேத்திகளின் சிநேகிதர்கள் வரும்போதெல்லாம் மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ரகுவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். ஆனால் மருமகள் விடமாட்டாள். யாராவது விருந்தாளி வந்து, காற்று நன்றாக வருகிறதே என்று ஹாலின் அந்த மூலையில் போய் உட்கார்ந்தால், அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு சொல்வாள்:

"அங்க வேண்டாம் மாமா. கொஞ்சம் தள்ளி உக்காருங்கோ."

அவர்களும் ஏன் என்று கேட்காமல் தள்ளி உட்காருவார்கள்.